ஆயிரம் கேலன் மூன்று சென்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்.

நான். போர்ட்டில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறேன். படிப்பு, தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம்.

என் மனைவி. விடியும் முன்பே எழுந்து சமையலை முடித்துவிட்டுக் குளித்திருந்தாள். குளித்தது அரை வாளியில்.

என் மகள். சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை. வயது முப்பத்தொன்று.

என் மச்சான், மனைவியின் அண்ணன். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கிறார். பேச ஆரம்பித்தால் கடையில் நிற்கிற ஆளை மறந்துவிடுவார்.

அவர்கள் பக்கம் மூன்று பேர். பையன், சிங்கப்பூரில் பிறந்தவன், பஸ் ரிப்பேர் பார்க்கிற வேலை. அவன் அம்மா. அப்பா இல்லை. அதனால் அம்மாவின் அண்ணன், பையனுக்குத் தாய்மாமன். கவர்ன்மெண்ட் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருந்தார்.

ஏழு பேர். கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வரிசை வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. கல்யாணப் பேச்சு.

தண்ணீர் மட்டும் வரவில்லை. வியாழக்கிழமை ஆற்றின் மேல்பக்கம் எவனோ எதையோ கொட்டிவிட்டான். தண்ணீர் சுத்தம் செய்கிற இடத்தை மூடிவிட்டார்கள். எங்கள் பக்கம் இது புதிதில்லை. குழாயைத் திறந்தால் காற்று வரும், ஒரு இருமல் சத்தம் வரும், அவ்வளவுதான். எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் தண்ணீர் லோரி வந்து நிற்கும். போய் வரிசையில் நின்று பிடிக்க வேண்டும்.

பேச்சைத் தள்ளி வைக்கலாமா என்று மகளிடம் சனிக்கிழமை கேட்டேன்.

"வேணாம்ப்பா. மூணு தடவ தள்ளியாச்சு. இந்தத் தடவையும் முடியலன்னா நாங்க அங்கயே ரெஜிஸ்டர் பண்ணிக்குவோம். அப்புறம் நான் இந்த வீட்டுக்கு வர மாட்டேன்."

அவள் என்னைப் போல. ஒரு தடவைதான் சொல்வாள். சொன்னால் செய்வாள். எனக்கு ஒரே பிள்ளை.

மூன்று தடவையும் தள்ளியது மச்சான். அவருக்குச் சிங்கப்பூர் ஆகாது. இளவயதில் அங்கே வேலைக்குப் போய் பெர்மிட் கிடைக்காமல் திரும்பியவர். அதிலிருந்து கோபம். பேப்பரில் சிங்கப்பூர் வாங்குகிற ஜோகூர் ஆற்றுத் தண்ணீர் பற்றி எது வந்தாலும் கடையில் உரக்கப் படித்துக் காட்டுவார். மகள் விஷயம் தெரிந்ததும் என்னிடம் கேட்டார்.

"தண்ணியையும் எடுத்துக்கறான். பொண்ணையும் எடுத்துக்கறானா மாப்ளே?"

அவர் இல்லாமல் பேச்சு நடத்த முடியாது. பெண்ணுக்குத் தாய்மாமன்.

ஹால் நடுவில் தாம்பாளம் வைத்திருந்தோம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், பூ. பூ மச்சான் கடையிலிருந்து வந்தது. எங்கள் வழக்கம் இது. பேச்சு ஒத்துப்போனால் பையனின் தாய்மாமன் அந்தத் தட்டில் காசு வைப்பார். எவ்வளவு என்று கிடையாது. வைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாறக்கூடாது.

அவர்கள் சிங்கப்பூர் காரில் வந்து இறங்கினார்கள். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்கள். உட்கார்ந்ததும் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டம்ளர்களில் ஊற்றினாள். லோரித் தண்ணீர். கொதிக்க வைத்து, ஆற வைத்து, துணியில் வடிகட்டியது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதுதான். வாங்கி ஒரு வாயாவது குடிக்க வேண்டும். குடிக்கவில்லை என்றால் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பையன் கையை நீட்டினான். அவன் அம்மா அவன் முழங்கையைத் தொட்டார். கையை எடுத்துக்கொண்டான்.

"அப்புறமா குடிக்கிறோம்மா," என்றார் அம்மா.

தாய்மாமன் டம்ளரைத் தூக்கினார். மூக்குப் பக்கம் கொண்டுபோனார். கீழே வைத்தார். தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தார். மூடியைத் திருகி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவி சொம்போடு நின்றாள். உள்ளே போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

மச்சான்தான் ஆரம்பித்தார்.

"ஏன் சார், எங்க தண்ணி நாறுதா?"

"நான் அப்படிச் சொல்லல மிஸ்டர். நியூஸ்ல போட்டிருக்கான். ஆத்துல கெமிக்கல்."

"இது கொதிக்க வெச்ச தண்ணி."

"கெமிக்கல் கொதிச்சா போயிடுமா?"

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.

"அந்த பாட்டில்ல இருக்கறது மட்டும் யாரு வீட்டுத் தண்ணி?" என்றார் மச்சான். "ஜோகூர் ஆத்துல உறிஞ்சினதுதானே?"

"உறிஞ்சல. வாங்கறோம். காசு குடுத்து."

"எவ்வளவு காசு? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும். ஆயிரம் கேலன் மூணு சென். மூணு சென்னுக்கு இப்ப மிட்டாய் வருமா சார்?"

"ஒப்பந்தத்துல என்ன போட்டிருக்கோ அதத்தான் குடுக்கிறோம். விலைய மாத்தணும்னா மாத்தற நேரத்துல கேட்டிருக்கணும். அப்ப நீங்க தூங்கிட்டீங்க. இப்ப எழுந்து கத்தறீங்க."

"அதே தண்ணியச் சுத்தம் பண்ணி எங்களுக்கே அம்பது சென்னுக்கு விக்கறீங்க. எங்க பாசார் மீன்காரன் தோத்தான் போங்க."

"சுத்தம் பண்ற செலவு அம்பது சென்னுக்கு மேல ஆகுது. அது தெரியுமா? நாங்க நஷ்டத்துக்குக் குடுக்கிறோம். ஆத்துக்கு மேல அணை கட்டினது யாரு காசு?"

"எங்க மண்ணுல கட்டினீங்க."

"கையெழுத்துப் போட்டுட்டுக் குடுத்த மண்ணு. ரெண்டாயிரத்து அறுபத்தொண்ணு வரைக்கும். ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். போட்ட கையெழுத்த அழிக்கிற பழக்கம் எங்க ஊர்ல இல்ல."

"இருங்க, அறுபத்தொண்ணு வரட்டும். அப்ப பாப்போம் என்னத்தக் குடிக்கிறீங்கன்னு."

"அப்ப நீங்க இருக்க மாட்டீங்க மிஸ்டர். நானும் இருக்க மாட்டேன்."

மகள் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். மச்சானைப் பார்க்கவில்லை, அந்த ஆளையும் பார்க்கவில்லை. என்னை மட்டும்.

"கல்யாணத்தப் பத்திப் பேசலாம்," என்றேன்.

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. நான் கிள்ளான் என்றேன். பெண் வீடு இங்கே. ஹால் பார்த்து வைத்திருந்தேன். தாய்மாமன் சிங்கப்பூர் என்றார்.

"இங்க வெச்சா அன்னைக்கும் குழாய்ல காத்துதான் வரும். முந்நூறு பேரு சாப்பிட்டுட்டு எங்க கை கழுவறது? பேன்ட்டுலயா?"

பையன் சிரித்துவிட்டான். அவன் அம்மா அவனை முறைத்தார். மகளும் முறைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கி நான் தண்ணி லோரியே கொண்டாந்து நிறுத்தறேன்," என்றேன். "ஹால் வாசல்ல."

"உங்களால முடியுமா?"

"லோரிக்காரன்கிட்ட கேக்கறீங்க."

அவர் யோசித்தார். அவருக்கு அது பிடித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. மாதம் பேசினோம். எத்தனை பேர் வருவார்கள், எங்கே தங்குவார்கள், இதெல்லாம் பேசினோம். இன்னும் பத்து நிமிடம் மச்சான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது அந்த மனிதர் டாய்லெட் எங்கே என்று கேட்டார்.

காட்டினேன். உள்ளே ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர், ஒரு சின்னக் குவளை. அன்று முழுக்க எல்லோருக்கும் அதுதான். சொல்லியிருக்க வேண்டும். வந்த விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் சுவர் மெலிசு. ஹாலில் எல்லாம் கேட்கும். அவர் ஊற்றினார். நிறுத்தினார். மறுபடி ஊற்றினார். சுத்தக்காரர். தரையைக் கழுவுகிறார் என்று சத்தத்தில் தெரிந்தது. பிறகு காலைக் கழுவினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். வாளியின் அடியில் குவளை உரசுகிற சத்தம் வந்தது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

அவர் கர்ச்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சார், வாளி காலியா?" என்றார் மச்சான். "ஆயிரம் கேலன் மூணு சென். கணக்குப் பாத்து வெச்சிட்டுப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் மட்டும் சிரித்தார்.

அந்த மனிதர் நின்ற இடத்திலேயே நின்றார். கழுத்து சிவந்தது. பிறகு பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுத் துழாவினார். ஒரு காசை எடுத்தார். சிங்கப்பூர் ஐம்பது காசு. மேசை எதுவும் பக்கத்தில் இல்லை. எதிரில் தாம்பாளம்தான் இருந்தது. குனிந்து, வெற்றிலை மேல் டக்கென்று வைத்தார்.

"இந்தாங்க அம்பது காசு. மிச்சத்துல சோப்பு வாங்கிப் போடுங்க. குளியலறை வழுக்குது. வாம்மா, போகலாம். டேய், எந்திரி."

பையன் எழுந்தான். அம்மா எழவில்லை.

அந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று புரிய. மச்சானுக்கு இன்னும் அதிக நேரம் ஆயிற்று.

மனைவி சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். காசு அசையாமல் மெதுவாக எடுத்தாள். சாமி மேடைக்குக் கொண்டுபோய் வைத்து, கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணே, தாய்மாமன் தட்டுல காசு வெச்சாச்சு," என்றாள் அந்த மனிதரிடம். "பேச்சு முடிஞ்சுது. சாப்பிட உக்காருங்க."

"என்னம்மா பேசற? நான் கோபத்துல வெச்சேன். தண்ணிக்குக் குடுத்தேன்."

"எதுக்கு வெச்சீங்களோ எனக்குத் தெரியாதுண்ணே. தட்டுல வெச்சீங்க. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான்னு இப்பதானே சொன்னீங்க? வெச்ச காச நாங்க திருப்பிக் குடுக்க மாட்டோம்."

என் மனைவி அன்று வரை வெளியாள் முன்னால் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா."

"என்னண்ணே சொல்றது? நம்ம வீட்லயும் அதான வழக்கம். வெக்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்." அந்த அம்மா என் மனைவி பக்கம் திரும்பினார். "பேச்சு முடியாம பொண்ணு வீட்ல தண்ணிகூடத் தொட மாட்டோம், எங்க பக்கம். அதான் குடிக்கல. இப்பக் குடுங்க."

மனைவி டம்ளரைக் கொடுத்தாள். அந்த அம்மா குடித்தார். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பையனும் குடித்தான். அவன் இரண்டு டம்ளர் குடித்தான். தாகம்.

மச்சானுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"இது என்ன கூத்து? மூஞ்சில எறிஞ்ச காச சம்மதம்னு எடுத்துக்கறியா? உனக்கு மானம் இல்ல?"

"எனக்கு மக இருக்காண்ணே," என்றாள் மனைவி.

"தாய்மாமன் நான் சம்மதிக்கல."

"நீங்க வெக்கறதுக்குத் தட்டு இல்லண்ணே. அவங்க வெக்கறதுக்குத்தான்."

மச்சான் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டை அடித்துச் சாத்தினார். தாழ்ப்பாள் அன்றிலிருந்து வளைந்திருக்கிறது.

சிங்கப்பூர்க்காரரும் வெளியே போனார். காரில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு ஏர்கோனை வைத்துக்கொண்டார். நான் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"மிஸ்டர், அது செல்லாது," என்றார். "கோபத்துல வெச்சது."

"தெரியும்."

"உங்க மச்சான் பேசினது என்ன பேச்சு? நான் ஒரு ஆபீஸரா இருந்தவன்."

"தப்புதான்."

"அப்ப?"

"காச எடுத்துக்கறதுன்னா வந்து எடுத்துக்குங்க. நான் தடுக்க மாட்டேன். மேடையில இருக்கு."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். கண்ணாடி இடைவெளி வழியாகக் குளிர்காற்று என் வயிற்றில் பட்டது. வெளியே நல்ல வெயில்.

எனக்கு அந்த நேரத்தில் பயம் இருந்தது. எழுந்து வந்து எடுத்துவிட்டால் மகள் பையைத் தூக்கிக்கொண்டு அதே காரில் ஏறிவிடுவாள். அவள் பை கதவுக்குப் பின்னால் தயாராக இருந்தது. நான் காலையிலேயே பார்த்துவிட்டேன்.

"வெச்சத எடுக்கிற பழக்கம் எனக்கு இல்ல," என்றார்.

"அப்ப சாப்பிட வாங்க."

"சாப்பிட மாட்டேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஐந்து பேர் சாப்பிட்டோம். வாழை இலை, அதனால் தட்டு கழுவுகிற வேலை இல்லை. கை கழுவ ஆளுக்கு ஒரு குவளை. கோழி நன்றாக இருந்தது என்று பையன் சொன்னான். உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் சண்டைதான்.

மச்சான் எப்படியோ அந்த மனிதரின் போன் நம்பரைப் பிடித்துவிட்டார். ஜோகூர் ஆறு பற்றி வீடியோ, பேப்பர் படம், யாரோ பேசிய பேச்சு, எல்லாம் அவருக்கு அனுப்புவார். அவரும் விட மாட்டார். இங்கிலீஷில் நீளமாகப் பதில் போடுவார். மச்சானுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் அதை எனக்கு அனுப்பி, "மக கிட்ட கேட்டுச் சொல்லு, என்ன சொல்றான்?" என்பார். அந்த மனிதரும் மச்சான் அனுப்பியதை எனக்கு அனுப்பி, "கன்ட்ரோல் யுவர் பிரதர்-இன்-லா" என்று போடுவார். நான் இரண்டையும் அழித்துவிடுவேன்.

அந்த ஆற்றை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கோத்தா திங்கிக்கு லோடு கொண்டுபோனபோது. பழுப்புத் தண்ணீர். ஒருத்தன் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது, போய்விட்டேன். மச்சான் பார்த்ததில்லை. அந்த மனிதரிடம் கேட்டேன், அவரும் பார்த்ததில்லை. "எதுக்குப் பாக்கணும்? பேப்பர்ஸ் இருக்கே," என்றார்.

பத்திரிகை அடித்ததும் மச்சானைக் கூப்பிட பிரிக்பீல்ட்ஸ் போனேன். மனைவி வரவில்லை. அவள் போன் பண்ணியே மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் ரயில் பிடித்துப் போனேன். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, பத்திரிகை.

கடையில் கூட்டம். ஏதோ விசேஷ நாள். மச்சான் ஸ்பிரே பாட்டிலில் மாலைகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"வா மாப்ளே. சிங்கப்பூர் சம்பந்தி எப்படி இருக்கார்? தண்ணி வருதா அவருக்கு?"

"பத்திரிகை வைக்க வந்தேன்."

"வெச்சிட்டுப் போ. வர மாட்டேன்."

"மகளுக்குத் தாய்மாமன் நீங்க. மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளு இல்ல."

"மாலை வேணுமா? நல்லதா கட்டித் தரேன். காசு குடுத்து வாங்கிட்டுப் போ. மாமனா வர மாட்டேன். அவன் வந்து என் கடை வாசல்ல நின்னு மன்னிப்புக் கேக்கட்டும். அப்ப வரேன்."

"நீங்களும் கேக்கணும்."

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"மூணு சென்."

"அது ஜோக்கு லா!"

"அவருக்கு இல்ல."

அவர் என் முகத்துக்கு நேரே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பேசினார். "நீ மாறிட்ட மாப்ளே. ரயில்ல வரும்போதே அந்தப் பக்கம் போயிட்ட. உன் பொண்டாட்டி என் காலத் தொட்டு வளந்தவ. அவ என்னை விட்டுட்டு ஒரு சில்லறக் காசப் புடிச்சிட்டா. இந்தக் கடைத் தெருவுல உள்ள நம்ம ஆளுங்க எவனும் வர மாட்டான். நான் பாத்துக்கறேன்."

"எங்க ஆளுங்களத் தடுக்காதீங்க."

"நான் எதுக்குத் தடுக்கணும்? நடந்தத சொல்லுவேன். அவ்வளவுதான்."

கல்லாப்பெட்டி மேல் தட்டோடு பத்திரிகையை வைத்தேன். அவர் தொடவில்லை. ஸ்பிரே தண்ணீர் பட்டு மஞ்சள் தடவிய மூலை ஊறிப்போனது. மச்சானின் மனைவி, எங்கள் அண்ணி, உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே பார்த்தார்.

ரயிலில் திரும்பும்போது கை சும்மா இருந்தது. அவரை அடித்திருக்கலாம் என்று நினைத்தேன். ஷா ஆலம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைத் தெருவிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் தனித்தனியாகவும் வைத்திருந்தோம். எல்லோரும் சிரித்து வாங்கினார்கள். கண்டிப்பா வரோம் என்றார்கள். மாலையைக் கிள்ளானிலேயே வேறு கடையில் சொன்னேன்.

கல்யாணத்தன்று குழாயில் தண்ணீர் வந்தது. இருந்தாலும் சொன்னபடி லோரியை நிறுத்தினேன். ஹால் வாசலில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. தெரிந்த பையனிடம் சொல்லிக் கொண்டுவந்தது.

சிங்கப்பூர் பஸ் காலை ஆறரைக்கு வந்தது. முதலில் இறங்கியது அந்த மனிதர். கோட் போட்டிருந்தார். லோரியைப் பார்த்தார். சுற்றிவந்து பின்னால் இருக்கிற குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. மூடினார். என்னிடம் வந்தார்.

"உங்க மச்சான்?"

"வரல."

"நான் வந்துட்டேன்," என்றார். "நான் வைக்கல, இருந்தாலும் வெச்சாச்சு. வந்துட்டேன். அத எழுதி வெச்சிக்குங்க."

அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. மேடையில் பையனுக்குச் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தார். அவிழாமல் தலைப்பாகை கட்டினார். என் மனைவிக்கு வணக்கம் சொன்னார். என் பக்கத்து ஆட்கள் பேசப் போனபோது கடிகாரத்தைப் பார்த்தார். ஹாலில் நாற்காலி வரிசை கோணலாக இருப்பதாகவும், மைக் கிறீச்சிடுவதாகவும், எங்கள் ஊரில் எதுவும் நேரத்துக்கு நடக்காது என்றும் பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். சாப்பிட உட்கார்ந்தார். ரசம் வரை சாப்பிட்டார். எழுந்து தன் பாட்டில் தண்ணீரில் கை கழுவினார்.

சாப்பாட்டுக்கு முன்னால், பெண்ணை மேடைக்கு அழைக்கிற நேரம் ஐயர் கூப்பிட்டார்.

"பொண்ணோட தாய்மாமன் வாங்கோ. மாலை."

யாரும் வரவில்லை. மாலை தட்டில் இருந்தது. மகள் உள்ளறை வாசலில் பட்டுச் சேலையோடு நின்றாள். ஐயர் மறுபடி கூப்பிட்டார். மைக்கில் கூப்பிட்டார்.

பையனின் மாமன் எழுந்தார். "நேரம் போகுது. யாராவது எடுத்துக் குடுங்க," என்றார் சத்தமாக.

நான் தட்டுப் பக்கம் போனேன். "அப்பா குடுக்கப்படாது," என்றார் ஐயர்.

"வேற ஆள் இல்ல சாமி."

முன் வரிசையில் நாற்காலிகள் காலியாக இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் ஆட்களுக்கு என்று மனைவி ஒதுக்கி வைத்த வரிசை. அவள் யாரையும் அங்கே உட்கார விடவில்லை. காலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்போது ஹால் பின்கதவு வழியாக மச்சானின் மனைவி வந்தார். இரண்டு பிள்ளைகளும் கூட. ஓடி வந்திருக்கிறார்கள். மூச்சு வாங்கியது. அவர் கையில் பூக்கடைப் பிளாஸ்டிக் பை. நேராக மேடைக்கு ஏறினார். பைக்குள்ளிருந்து ஒரு மாலையை எடுத்தார். கிள்ளானில் வாங்கிய மாலையைத் தள்ளி வைத்தார்.

"மாமா வரல. மாமி குடுக்கறேன்," என்றார் ஐயரிடம். "ஆகாதுன்னா இப்பவே சொல்லுங்க, எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

ஐயர் தலையை ஆட்டினார். மகள் தலையைக் குனிந்தாள்.

தாலி கட்டியானது. என் மனைவி அண்ணியின் கையைப் பிடிக்கப் போனாள். அண்ணி கையை இழுத்துக்கொண்டார். "எனக்கும் கோபம்தான். புள்ளைக்காக வந்தேன். நீ போன் பண்ணல," என்றார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, தானும் சாப்பிட்டு, போய்விட்டார். மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தாரா, சொல்லாமல் வந்தாரா, இன்றுவரை தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.

மகள் சாயங்காலம் பஸ் ஏறினாள். ஏறும்போது, "தீபாவளிக்கு வரேன்ப்பா," என்றாள். ஒரு தடவைதான் சொன்னாள்.

ஹாலைக் கூட்டுகிறவர்கள் நாற்காலியை அடுக்க ஆரம்பித்தார்கள். மனைவி அந்த முன் வரிசையைக் கடைசியாக எடுக்கச் சொன்னாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வந்தவர்களை எண்ணினோம்.

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர்.